ஷின்ஜுகுவில் எந்த வாசல்? டோக்கியோ கேள்வி – பதில்

டோக்கியோவுக்கு முதல் முறையாகக் கிளம்பும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கே: ஷின்ஜுகு நிலையத்தில் இறங்கினால் வெளியே வரவே அரை மணி நேரம் ஆகும் என்று பயமுறுத்துகிறார்கள். அவ்வளவு மோசமா? – வாசகி, கோவை

ப: மோசம் இல்லை, பெரிசு. உலகிலேயே அதிகப் பயணிகள் வந்துபோகும் நிலையம் என்று கின்னஸில் இடம்பெற்றது. 2018 கணக்குப்படி சராசரியாக ஒரு நாளைக்கு 35 லட்சம் பேருக்கு மேல். ஜேஆர் (ஜப்பான் ரயில்வே), ஒடாக்யூ, கெய்யோ, டோக்கியோ மெட்ரோ, டோயெய் என்று ஐந்து நிறுவனங்களின் ரயில்கள் இங்கே கூடுகின்றன. வாசல்கள் மட்டும் 200க்கு மேல்.

ரயிலிலிருந்து இறங்கியதும் கூட்டம் போகிற பக்கமே போய்விடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. ஒரே பிளாட்பாரத்தில் பல படிக்கட்டுகள் உண்டு. ஒவ்வொன்றும் வேறு வாசலில் கொண்டுபோய் விடும். ஆகவே படியில் கால் வைப்பதற்கு முன்பே வாசலை முடிவு செய்துவிட வேண்டும். ஜேஆர் பிளாட்பாரங்கள் தரை மட்டத்தில் இருக்கின்றன. கிழக்கு, மேற்கு வாசல்களுக்குப் படி இறங்க வேண்டும். தெற்கு வாசலுக்கு ஏற வேண்டும். இது ஒன்று மனதில் இருந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்தது. கபுகிச்சோ கேளிக்கைப் பகுதிக்குக் கிழக்கு வாசல். டோக்கியோ மாநகர அரசுக் கட்டடத்துக்கு மேற்கு வாசல். அங்கிருந்து பத்து நிமிட நடை. வெளியூர் பஸ் ஏறும் 'பஸ்டா' நிலையம் தெற்குப் பக்கம், நான்காவது தளத்தில்.

வெளியேறும் வழியைக் காட்டும் பலகைகள் மஞ்சள் நிறம். பாதாளத்தில் கூகுள் மேப்பின் நீலப் புள்ளி தாவிக்கொண்டே இருக்கும், அதை நம்பி நடக்காதீர்கள். மேப் காட்டும் வாசல் பெயரையோ எண்ணையோ ரயிலில் இருக்கும்போதே குறித்துக்கொண்டு, பலகையைப் பார்த்து நடங்கள். கிழக்குக்குப் பதில் மேற்கில் வந்துவிட்டாலும் கவலை வேண்டாம். 2020 ஜூலையில் டிக்கெட் இல்லாமலே குறுக்கே கடக்கும் பாதை ஒன்றைத் திறந்துவிட்டார்கள். அதற்கு முன்பு வெளியே வந்து சுற்றித்தான் போக வேண்டும்.

கே: ஜேஆர் ரயிலில் ஏறி, வழியில் மெட்ரோவுக்கு மாறினேன். சுய்கா கார்டில் (முன்பணம் ஏற்றி, வாசலில் தட்டிப் போகும் கார்டு) இரண்டு முறை பணம் கழிந்துவிட்டது. கார்டில் கோளாறா? – வாசகர், திருச்சி

ப: கோளாறு இல்லை, இரண்டு நிறுவனங்கள். ஜேஆருக்கு ஒரு கட்டணம், மெட்ரோவுக்கு ஒரு கட்டணம், இரண்டிலும் குறைந்தபட்சக் கட்டணத்திலிருந்து கணக்குத் தொடங்கும். சுரங்க ரயிலிலும் டோக்கியோ மெட்ரோவுக்கு 9 பாதைகள், டோயெய்க்கு 4. இந்த இரண்டுக்குள் மாறினால் 70 யென் தள்ளுபடி உண்டு, கார்டில் அது தானாகவே கழியும். மேப் காட்டும் மிக வேகமான வழி மூன்று நிறுவனங்களைத் தொட்டுப் போனால், ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும் ஒற்றை நிறுவன வழியைத் தேடுங்கள், காசு மிஞ்சும். ஒரே நாளில் நாலைந்து இடம் சுற்றுகிறவர்களுக்கு 24, 48, 72 மணி நேர சுரங்க ரயில் டிக்கெட் லாபம். தேதிப்படி இல்லாமல், முதல் தடவை பயன்படுத்திய நிமிடத்திலிருந்து மணிக்கணக்கு ஓடும். ஆனால் யமனோத்தே போன்ற ஜேஆர் பாதைகளில் இது செல்லாது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

கார்டு ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரே கார்டைக் கணவன் தட்டி மனைவியிடம் நீட்டினால் கதவு மூடிக்கொள்ளும். நிலைய இயந்திரங்களில் பணம் ஏற்றப் பெரும்பாலும் ரொக்கம்தான் கேட்கும், ஆகவே சில ஆயிரம் யென் நோட்டு கையில் இருக்கட்டும். இருப்பு போதாமல் வெளிக்கதவு மூடிக்கொண்டால் பதற வேண்டாம். பக்கத்திலேயே 'செய்சான்கி' என்ற இயந்திரம் இருக்கும். கார்டைச் செருகிக் குறையும் தொகையைப் போட்டால் வழி விடும். இந்தியாவில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் சுய்கா வேலை செய்யாது, அதற்கு வேண்டிய வசதி ஜப்பானில் விற்கும் போன்களில்தான் இருக்கிறது.

கே: முகவரியில் தெருப் பெயரே இல்லையே, எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகர், மதுரை

ப: அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. மேலே சொன்ன அரசுக் கட்டடத்தின் முகவரி நிஷி-ஷின்ஜுகு 2-8-1. நிஷி-ஷின்ஜுகு என்ற பகுதியில் 2-வது வட்டாரம், அதில் 8-வது மனைத்தொகுதி, அதில் 1-வது எண் என்று பெரியதிலிருந்து சிறியதுக்கு வர வேண்டும். (அங்கே 45-வது தளத்தில், 202 மீட்டர் உயரத்தில் இருந்து ஊரைப் பார்க்கக் கட்டணமே இல்லை. காசு கொடுத்து வேறு கோபுரம் ஏறுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.)

கட்டடத்தைக் கண்டுபிடித்த பிறகும் கடை கண்ணில் படாமல் போவதற்குக் காரணம் மாடிக் கணக்கு. ஜப்பானில் 1எஃப் என்றால் தரைத்தளம், 3எஃப் என்றால் நம் கணக்கில் இரண்டாம் மாடி. நல்ல சாப்பாட்டுக் கடைகள் பல ஆறாம், ஏழாம் தளத்தில் ஒளிந்திருக்கும். கட்டடத்தின் ஓரத்தில் செங்குத்தாகத் தொங்கும் பலகையில் தளவாரியாகப் பெயர் இருக்கும்.

கே: நாங்கள் சுத்த சைவம். பத்து நாள் எப்படிச் சமாளிப்பது? – வாசகி, தஞ்சாவூர்

ப: கண்ணுக்குத் தெரியும் கறி, மீனைத் தவிர்ப்பது சுலபம். கண்ணுக்குத் தெரியாத 'தஷி'தான் சிக்கல். கொம்பு என்ற கடற்பாசியும் கட்சுவோபுஷி என்ற உலர்ந்த மீன் சீவலும் போட்டு இறக்கும் சாறு அது. நம்மூரில் சாம்பாருக்குப் புளிக்கரைசல் போல அவர்களுக்கு அது. மிசோ சூப், உதோன் நூடுல்ஸ் குழம்பு, சோபா நூடுல்ஸ் தொட்டுக்கொள்ளும் சாறு, வேகவைத்த காய்கறி, முட்டைச் சுருள் எல்லாவற்றிலும் இருக்கும். ஜப்பானியக் 'கறி' குழம்புக்குக் கரைக்கும் மசாலாக் கட்டியில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ கலந்திருப்பது சகஜம், ஆகவே 'வெஜிடபிள் கறி' என்ற பெயரை மட்டும் பார்த்து உட்காராதீர்கள். காய்கறி தெம்புராவும் பெரும்பாலும் இறால் பொரித்த எண்ணெயில்தான். சில தயிர்களில்கூட ஜெலட்டின் உண்டு.

'வெஜிடேரியன்' என்று சொன்னால் கறித்துண்டை மட்டும் எடுத்துவிட்டுத் தரும் கடைகள் உண்டு. 'நிகு (இறைச்சி), சகனா (மீன்), தஷி' மூன்றும் கூடாது என்று ஹோட்டல் வரவேற்பில் ஜப்பானிய மொழியில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டு, உட்காருவதற்கு முன்பே காட்டுங்கள்.

அன்றாடத்துக்குக் கைகொடுப்பது வெந்த சோற்றுப் பாக்கெட். 24 மணி நேரக் கடைகளில் 200 கிராம் அளவில் கிடைக்கும், மைக்ரோவேவில் 2 நிமிடம் போதும். பல ஹோட்டல்களில் விருந்தினர் பயன்படுத்த மைக்ரோவேவ் இருக்கிறது. ஊரிலிருந்து பருப்புப் பொடி, ஊறுகாய், புளிக்காய்ச்சல் கொண்டுபோங்கள். பச்சைக் கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் வேண்டாம், விமான நிலையத்தில் விடமாட்டார்கள். டோக்கியோ நிலையத்துக்குள்ளேயே 'டீஸ் டான்டான்' என்ற கடையில் பால்கூடச் சேர்க்காத ராமென் கிடைக்கிறது. இட்லி, தோசைக்கு நாக்கு ஏங்கினால் இந்தியர்கள் அதிகம் வாழும் நிஷி-கசாய்க்குப் போகலாம். ஒதேமாச்சியிலிருந்து தோசாய் பாதையில் கால் மணி நேரம். ஆனால் விரைவு ரயிலில் ஏறினால் நிஷி-கசாயில் நிற்காமல் உராயசுவுக்குக் கொண்டுபோய்விடும். சாதாரண ரயிலாகப் பார்த்து ஏறுங்கள்.

கே: இஸ்திரிப் பெட்டி கொண்டுபோகலாமா? – வாசகர், சேலம்

ப: வேண்டாம். அங்கே 100 வோல்ட். நம் 230 வோல்ட் பெட்டி ஐந்தில் ஒரு பங்கு சூடுகூடத் தராது. போன் சார்ஜரில் '100–240' என்று இருந்தால் சிக்கல் இல்லை, இரண்டு தட்டைக் கம்பி உள்ள அடாப்டர் போதும்.

கே: தெருவில் குப்பைத் தொட்டியே இல்லையாமே? – வாசகி, புதுச்சேரி

ப: ஆமாம். 1995 மார்ச் 20-ல் சுரங்க ரயிலில் சரின் விஷவாயுத் தாக்குதல் நடந்த பிறகு பொது இடங்களில் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். பானம் விற்கும் இயந்திரத்தின் பக்கத்தில் இருப்பது காலி பாட்டிலுக்கும் கேனுக்கும் மட்டும். பையில் ஒரு பிளாஸ்டிக் கவர் வைத்துக்கொண்டு ஹோட்டலுக்குக் கொண்டுவந்து போடுங்கள்.

கே: இரவு எத்தனை மணி வரை ரயில்? – வாசகர், நெல்லை

ப: நள்ளிரவு தாண்டி அரை மணி, ஒரு மணிக்குள் எல்லாம் நின்றுவிடும். பாதைக்குப் பாதை நேரம் மாறும், வழியில் மாற வேண்டியிருந்தால் இரண்டாவது ரயிலின் கடைசி நேரத்தையும் பாருங்கள். தவறவிட்டால் டாக்சிதான். இரவு 10 முதல் காலை 5 வரை 20 சதவீதம் கூடுதல் கட்டணம். அதன் பின்கதவை டிரைவரே திறந்து மூடுவார், நீங்கள் கை வைக்க வேண்டாம்.