முதலில் தேரி, பிறகு பாலைவனம்: படக்கலை படிக்கக் கேட்கும் மகளின் அப்பாவுக்கு

அன்புள்ள அண்ணாச்சி,

பிளஸ் டூ முடிக்கப்போகும் உங்கள் மகள் பாலைவனப் பாறைகளைப் படமெடுக்க வேண்டும், அந்தப் படங்களை வைத்து விசுவாசம் சார்ந்த ஓவியங்கள் செய்ய வேண்டும் என்கிறாள். நாசரேத்தில் இருந்துகொண்டு பாலைவனத்துக்கு எங்கே போவது, போனாலும் அது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். பாறைப் படம் மட்டும் எடுத்துப் பிழைப்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் அதற்காகக் கற்கிற ஒளி, நிறம், அச்சு மூன்றும் கைவந்த பிள்ளைக்கு வேலைக்குப் பஞ்சம் வராது. அதனால் தடுக்கவும் வேண்டாம், கடன் வாங்கி கேமரா எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். பஸ்ஸில் போய்வரும் தூரத்திலேயே ஓராண்டு பழகட்டும்.

முதல் கேள்விக்கான பதில் உங்கள் ஊருக்குத் தெற்கே கிடக்கும் தேரி என்ற செம்மணல் மேடுதான். அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பாலைவனச் செம்மணற்கல் சிவப்பாக இருப்பதற்கும் நம் குதிரைமொழித் தேரி சிவப்பாக இருப்பதற்கும் காரணம் ஒன்றுதான்: குவார்ட்ஸ் மணியின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடு. ஆகவே அங்கே கேமரா தடுமாறுகிற இடத்தில்தான் இங்கேயும் தடுமாறும். கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்தச் சிவப்பைக் குறையென்று எண்ணி வெளுக்க வைத்துவிடும். ஒயிட் பேலன்ஸைக் கையால் 5200 கெல்வினில் நிறுத்தி, கேமரா திருத்தாத ரா கோப்பாக எடுக்கச் சொல்லுங்கள். படத்தின் ஒளி அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் வெள்ளைக் கோட்டை மட்டும் பார்த்தால் போதாது. சிவப்புச் சேனல் தனியாக முதலில் முட்டும், முட்டிய இடத்தில் மணல்வரியெல்லாம் மறைந்து சிவப்புத் திட்டாகிவிடும். ஒளியை மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒளி அளவின் படி) குறைத்து எடுத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

நேரமும் முக்கியம். நம் ஊர் பூமத்திய ரேகையிலிருந்து 9 பாகைக்குள் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறும். உதித்து அரை மணி, முக்கால் மணிக்குள் சாய்வொளி முடிந்துபோகும். டிசம்பர் நண்பகலில் நெல்லையில் சூரியன் 58 பாகை உயரத்தில் நிற்கும்போது யூட்டாவில் 30 பாகையைத் தாண்டாது. அங்கே குளிர்காலத்தில் பகல் முழுக்க நிழல் நீளும், பாறையின் புடைப்பு தெரியும். இங்கே அந்த அரை மணிக்காக விடியுமுன் இடத்தில் இருந்தாக வேண்டும். இங்கே பழகியவர்களுக்கு அங்கே போனால் நேரம் தாராளமாகக் கிடைத்ததுபோல் இருக்கும்.

ஆனி, ஆடிக் காற்றில் தேரிக்குப் போக வேண்டாம். மணல் பறந்து லென்ஸ் வளையத்துக்குள் புகுந்தால் சர்வீஸ் செலவு உங்கள் தலையில்தான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்கள் நல்லவை. காற்றில் தூசி குறைவு, நனைந்து உலரும் மணலுக்கு நிறமும் ஆழம். அப்போதும் மணலில் நின்று லென்ஸ் மாற்றக் கூடாது, ஒரே லென்ஸோடு போகட்டும். டிரைபாட் கால்களை முதலில் அழுத்திப் புதைத்துவிட்டு அதன்பிறகு படச்சட்டத்தை அமைக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் நீண்ட எக்ஸ்போஷரின் நடுவில் கால் இறங்கி, படம் கலங்கிப்போகும். காலின் கடைசிக் கணுவை நீட்டாமல் இருந்தால் அதன் பூட்டில் மணல் ஏறாது.

தேரியின் பல பகுதிகள் காப்புக்காடு. வனத்துறையிடம் கேட்டுவிட்டு, துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீரோடு போய், வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். எல்லா மேடும் ஒரே மாதிரி இருப்பதால் திசை தப்புவது எளிது.

தேரி மணலைக் கற்றுத்தரும், பாறைக்குக் கழுகுமலை போகட்டும். 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் பணியான வெட்டுவான் கோயில் மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து, முடிக்காமலே விடப்பட்டது. அதனால் வேலை நின்ற இடமும் கண்ணுக்குத் தெரிகிறது. கல்லும் நம்பிக்கையும் ஒன்றாகிற இடம் எப்படியிருக்கும் என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இந்தச் சீமையில் இல்லை. அதே மலையில் சமணச் சிற்பங்களும் உண்டு. பக்கவாட்டு ஒளியில் லென்ஸ் திறப்பை எஃப் 8, ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 100 என்று வைத்து எடுத்தாலே புடைப்பு துலங்கும். எஃப் 16க்கு மேல் மூடினால் டிஃப்ராக்ஷனால் (சிறு துளையில் ஒளி சிதறுவதால்) கூர்மை குறையும். டிரைபாட் வைக்குமுன் அங்குள்ள தொல்லியல் துறைப் பணியாளரிடம் அனுமதி கேட்பது நல்லது. மணப்பாடு திருச்சிலுவைக் கோயில் நிற்கும் கடலோர மேட்டையும் எடுத்துப் பழகலாம். அங்கே உப்புச் சாரல் லென்ஸில் படியும், உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் ஊதி, பிறகு ஈரத் துணியால் ஒற்ற வேண்டும்.

இனி விசுவாசக் கலை. உங்கள் வட்டாரத்தில் இதற்குச் சந்தை ஏற்கெனவே இருக்கிறது: புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை, ஆலய நாட்காட்டி, அசன விழா, கன்வென்ஷன் சுவரொட்டி. பெரும்பாலும் இணையத்தில் எடுத்த ஏதோ ஒரு மலைப் படத்தின் மேல் வசனத்தை ஒட்டி அடிக்கிறார்கள். யூட்டாவின் மணற்கல் வளைவைப் போட்டு, கீழே சீனாய் மலை என்று எழுதினால் அது பொய். சீனாய் என்று வணங்கப்படும் ஜெபல் மூசா 2285 மீட்டர் உயரக் கருங்கல் மலை, அதன் நிறமும் விரிசலும் வேறு. ஜோர்தானின் வாடி ரம் பாலைவனமோ கருங்கல் அடித்தளத்தின் மேல் மணற்கல் எழுந்த இடம். கன்மலை என்று வேதம் சொல்லும்போது எந்தப் பாறையைக் காட்டுகிறோம் என்று தெரிந்து செய்கிற கலைஞருக்கு மரியாதை தனி. படத்தின் பின்னால் இடமும் தேதியும் எழுதுகிற பழக்கம் இப்போதே வரட்டும். கணினி உருவாக்கும் படங்கள் மலிந்த காலத்தில் இந்த நேர்மைக்கு விலை உண்டு. வசனத்தை அச்சிடுமுன் அந்த மொழிபெயர்ப்பின் உரிமை யாரிடம் என்று பார்த்து, வெளியிட்டவர்களிடம் எழுதிக் கேட்க வேண்டும். தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயில் போல அடுத்தவர் வழிபடும் இடத்தின் படத்தில் நம் வசனத்தைப் போடக் கூடாது. அது சட்டப் பிரச்சினையோ இல்லையோ, ஊருக்குள் மனக்கசப்பு.

கையால் வரையவும் ஆசை என்றால் தேரி மண்ணிலிருந்தே வண்ணம் செய்யலாம். காப்புக்காட்டில் அள்ளக் கூடாது, பட்டா நிலத்தில் உடையவரைக் கேட்டு இரண்டு கை எடுத்தால் போதும். தண்ணீரில் கலக்கி ஒரு நிமிடம் விட்டால் மணல் அடியில் தங்கும். மேலே நிற்கும் செந்நீரை வேறு பாத்திரத்தில் இறுத்து, ஓர் இரவு தெளிய விட்டு, வண்டலைக் காயவைக்க வேண்டும். இப்படி இரண்டு மூன்று முறை கழுவாவிட்டால், உப்பு கலந்த மண்ணாக இருந்தால் ஓவியத்தில் பின்னாளில் வெண்பூப்பு (வெள்ளை உப்புப் படிவு) வரும். ஒரு பங்கு கம் அரபிக் என்ற மரப்பிசினை இரண்டு பங்கு தண்ணீரில் கரைத்து, இரண்டு சொட்டுத் தேன் விட்டு, அதில் வண்டலை அரைக்கலாம். பசை கூடினால் வெடிக்கும், குறைந்தால் விரலில் ஒட்டி வரும்.

அச்சுதான் காசு வரும் இடம், அதில் சிவகாசி உங்களுக்குப் பக்கம். அங்கே அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் ஆடிப்பெருக்கை ஒட்டி வெளிவரும், எனவே படங்கள் வைகாசிக்குள் தயாராக வேண்டும். ஏ3 அளவுக்கு 300 டிபிஐ என்றால் 4961 × 3508 பிக்சல், 24 மெகாபிக்சல் கேமரா தாராளம். நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டி நீக்கப்படும் கூடுதல் ஓரம்) விட வேண்டும். புதியவர்கள் ஏமாறுவது நிறத்தில்: திரையில் தகதகக்கும் தேரிச் சிவப்பு அச்சகத்தின் நால்வண்ண சிஎம்ஒய்கே மையில் செங்கல் நிறமாக மங்கும். அனுப்புமுன் சாஃப்ட் ப்ரூஃப் (அச்சு நிறத்தைத் திரையில் காட்டும் முன்னோட்டம்) பார்த்து, ஒரு தாள் ப்ரூஃப் வாங்கி வெயிலில் வைத்துப் பார்த்த பிறகே மொத்த ஆர்டருக்குச் சம்மதிக்கட்டும்.

படிப்புக்கு, சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உண்டு. பி.எஃப்.ஏ. என்ற கவின்கலைப் பட்டம் 4 ஆண்டு, ஓவியத் திறன் தேர்வு வைத்துச் சேர்ப்பார்கள். சென்னைக் கல்லூரி 1850இல் தொடங்கியது. கல்லில் நேரடி ஈடுபாடு என்றால் மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. வெளியூர் அனுப்ப மனமில்லையென்றால் பாளையங்கோட்டையில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கலாம். ஆனால் அதில் ஓவியப் பயிற்சி குறைவு, தனியாக வரைந்து பழக வேண்டும். பட்டம் முடித்தபின் குஜராத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யின் காந்திநகர் வளாகத்தில் புகைப்பட வடிவமைப்பில் முதுநிலை உண்டு. எதற்குப் போனாலும் 15 படம், 10 ஓவியம் கொண்ட தொகுப்பு கையில் வேண்டும். 200 படம் காட்டினால் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை என்றுதான் பொருள்.

தொடக்க வருமானம் கல்யாணப் படத்திலிருந்தும் கடைகளின் பொருள் படத்திலிருந்தும்தான் வரும், அதை இழிவாக நினைக்க வேண்டாம். அகழாய்வுப் பொருட்களை அளவுகோல் வைத்துப் படமெடுக்கும் ஆவண வேலையும் கற்றுக்கொள்ளத் தக்கது. ஆதிச்சநல்லூரும் கொற்கையும் நம் சீமையில்தானே இருக்கின்றன. ராஜஸ்தான் பயணம் இரண்டாம் ஆண்டில் போதும். ஜோத்பூரில் மெஹ்ரான்கர் கோட்டையடியில் உள்ள ராவ் ஜோதா பாறைப் பூங்கா எரிமலைப் பாறை நிலம், செலவும் கட்டுக்குள் அடங்கும்.

பழைய கேமரா வாங்கும்போது ஷட்டர் கவுண்ட் (இதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கை) கேளுங்கள். எஃப் 16இல் வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளி இருந்தால் சென்சாரில் தூசி, அது துடைத்தால் போகும். துடைத்தும் போகாத கோடு என்றால் கீறல், அந்தக் கேமராவை வாங்காதீர்கள்.