வாசகர் கேள்வி பதில்: தாத்தா கொண்டுவந்த கொடி

கேள்வி: எங்க தாத்தா ரெண்டாம் உலகப்போர்ல பர்மா போயிட்டு வந்தாவ. அவுக ட்ரங்க் பெட்டியில ஒரு ஜப்பான் கொடி கெடக்கு, பட்டுத்துணி, சிவப்பு வட்டத்தைச் சுத்தி மையில என்னமோ எழுதியிருக்கு. லேமினேட் பண்ணி மாட்டலாமா, இல்ல பாளையங்கோட்டை மியூசியத்துக்குக் குடுத்துறலாமா?
வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: லேமினேஷன் மட்டும் வேண்டாம்மா, பட்டுல பிளாஸ்டிக் ஒட்டிச்சுன்னா பிறகு பிரிக்கவே முடியாது. தண்ணியும் படக்கூடாது, மை கலைஞ்சிரும். அந்த எழுத்துல முக்காவாசி ஆளுங்க பேருதான், பையன் பட்டாளத்துக்குக் கெளம்பும்போது சொந்தக்காரங்க, கூடப்படிச்சவங்க, தெருக்காரங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் குடுப்பாங்க, அவனும் அதை மடிச்சு உடம்போட வச்சிக்கிட்டே சண்டைக்குப் போவான், அவன் செத்துக் கெடந்த எடத்துல எதிர்ப்பக்கத்து சிப்பாய்ங்க ஞாபகத்துக்குன்னு எடுத்துட்டு வந்துட்டாங்க. நெறைய வீட்டுக்கு எலும்பு கூட திரும்பி வரல, அந்தக் கொடி வந்தா அவங்களுக்கு ஆளே வந்த மாதிரி.

அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்துல ஓபோன் சொசைட்டின்னு ஒண்ணு, கெய்கோன்னு ஒரு ஜப்பான்கார அம்மாவும் அவங்க வீட்டுக்காரர் ரெக்ஸும் நடத்துதாங்க. அந்தம்மாவோட தாத்தாவும் பர்மாவுல செத்தவருதான், அவரு கொடி 2007-ல வீடு வந்து சேந்துச்சு, அதுல இருந்து பிறந்ததுதான் இந்த வேலை. பேரை வாசிச்சு, ஊரைத் தேடி, குடும்பத்துக் கையில சேத்துருதாங்க, அந்தக் குடும்பத்துக்கிட்ட காசு வாங்கறதில்ல. மியூசியங்களே குடுக்க ஆரம்பிச்சிட்டாங்க, டெக்சாஸ்ல யூஎஸ்எஸ் லெக்சிங்டன் கப்பல் மியூசியத்துல வச்சிருந்த ஒரு கொடி 2023-ல சொந்த வீட்டுக்குப் போச்சு. என்னைக் கேட்டா நீங்களும் மொதல்ல அந்தக் குடும்பத்தைத் தேடுங்கன்னுதான் சொல்லுவேன், கெடைக்கலன்னா மியூசியம். எதுவா இருந்தாலும் நல்லா போட்டோ எடுத்து வச்சிட்டு, தாத்தா எந்த ரெஜிமெண்ட், கொடி எந்த எடத்துல கெடைச்சதுன்னு சொன்னாவ, எல்லாத்தையும் ஆச்சிக்கிட்ட கேட்டு இப்பவே எழுதிருங்க. கதை இல்லாத பொருளை வாங்கி வச்சிக்கிட்டு மியூசியத்துக்காரங்களாலயும் ஒண்ணும் சொல்ல முடியாது.

கேள்வி: பூட்டன் காலத்து பித்தளை டப்பா, மூடியில ஒரு பொம்பளை முகம், 1914-ன்னு இருக்கு. புளி போட்டு தேய்ச்சா பளபளன்னு வருமா?
வாசகர், சங்கரன்கோவில்

பதில்: வரும், ஆனா தேய்க்காதீங்க தம்பி. அது இங்கிலாந்து இளவரசி மேரி பேர்ல அந்த வருஷ கிறிஸ்துமஸுக்குக் குடுத்த டப்பா. வெள்ளைக்கார சிப்பாய்க்கு புகையிலையும் சிகரெட்டும், நம்ம ஆளுங்களுக்கு கல்கண்டும் மசாலாவும் குடுத்தாங்க. தேய்க்கத் தேய்க்க அந்த முகம் மழுங்கிரும். உலர்ந்த பருத்தித் துணியில தொடச்சு வச்சா போதும்.

கேள்வி: பரண்ல ஒரு பழைய பீரங்கிக் குண்டு இருக்கு, மியூசியத்துக்குத் தூக்கிட்டுப் போலாமா?
வாசகர், வள்ளியூர்

பதில்: தொடவே தொடாதீங்க. உள்ள மருந்து இருந்துச்சுன்னா எத்தனை வருஷமானாலும் வெடிக்கும். புள்ளைங்களை அந்தப் பக்கம் விடாம, உடனே போலீஸ் ஸ்டேஷனுக்கு போன் பண்ணுங்க.