அமெரிக்காவில் சொல்லும் ‘ஃபிரட்டர்னல் பெனிஃபிட் சொசைட்டி’ என்பது என்ன? சேலத்தில் அப்படி ஏதாவது உண்டா?

உறுப்பினர்களே பணம் போட்டு, ஒருவர் இறந்தால் அவர் குடும்பத்துக்குக் கொடுக்கும் சங்கம்தான் அது. இங்கேயும் உண்டு, பெயர்தான் வேறு. அம்மாப்பேட்டை தறிக்காரர் தெருக்களில் ஒரு சாவு விழுந்தால் சங்கத்து ஆள் நோட்டோடு வருவார். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, காரியச் செலவுக்குக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

1868இல் பென்சில்வேனியாவில் ஜான் அப்சர்ச் என்ற ரயில்வே மெக்கானிக் தொடங்கிய சங்கமும் ஏறக்குறைய இப்படித்தான்: உறுப்பினர் இறந்தால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு டாலர். ஆனால் உறுப்பினர்களுக்கு வயது ஏற ஏற சாவும் கூடும், வசூலும் ஏறுமே! இளவட்டங்கள் கழன்றுகொண்டார்கள். அப்புறம்தான் அத்தகைய சங்கங்களில் வயதுக்கேற்ற பிரீமியம், கையிருப்பு நிதி எல்லாம் வந்தன.

இங்கேயும் அதே சிக்கல்தான். பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போனால் நோட்டில் ஒரு பெயர் குறையும். ஆனாலும் பந்தல், நாற்காலி, ஃப்ரீசர் பெட்டிக்கு ஓட சங்கத்தை விட்டால் ஆளில்லை. குடும்பத்தின் பிற்காலத்துக்கு மட்டும் தனியாக டேர்ம் பாலிசி (குறித்த காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுத்துவிடுங்கள்.