வாசகர் கேள்வி: வீட்டு உரிமையாளருடன் ஒரே வீட்டில் அறை எடுத்தால் பெனிபிட் போகுமா?

கேள்வி: வயது 29. லண்டனில் அப்பாவின் தம்பி வீட்டில் அறை எடுத்து, யுனிவர்சல் கிரெடிட்டும் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு உதவித்தொகை) பிப்பும் (PIP, உடல்நலக் குறைபாட்டுக்கான உதவித்தொகை) வாங்குகிறேன். அவரும் அங்கேதான் இருக்கிறார். இதனால் உதவித்தொகை குறையுமா?

பதில்: பிப்பில் ஒரு பென்ஸ்கூடக் குறையாது. அது உங்கள் உடல்நிலையைப் பார்த்துத் தருவது. யார் வீட்டில் இருக்கிறீர்கள் என்பது கணக்கில் வராது.

சிக்கல் யுனிவர்சல் கிரெடிட்டின் வாடகைப் பகுதியில்தான். வீட்டு உரிமையாளர் அதே வீட்டில் வசித்து, உங்கள் பெற்றோராகவோ, அண்ணன், தம்பி, அக்கா, தங்கையாகவோ, இவர்களின் கணவன், மனைவியாகவோ இருந்தால் வாடகைக்கு எதுவும் கிடைக்காது. சித்தப்பா அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் உறவு என்றால் அதிகாரி சந்தேகப்படுவார். கையில் காசாகக் கொடுக்காமல் மாதாமாதம் வங்கி வழியாக அனுப்புங்கள். அறை, தொகை, தொடங்கிய தேதி எழுதிச் சித்தப்பாவிடம் கையெழுத்து வாங்குங்கள். சாப்பாடு, மின்சாரம், எரிவாயு சேர்ந்த தொகையானால் தனித்தனியாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். அவற்றுக்கு வாடகைப் பகுதி தராது.

பலர் தவறவிடுவது இதைத்தான். 35 வயதுக்குக் கீழ் தனியாளுக்கு, பலர் பகிரும் வீட்டில் ஓர் அறைக்கான குறைந்த வாடகை வீதமே கணக்கிடப்படும். பிப்பின் இரு பகுதிகளில் அன்றாட வாழ்க்கைப் பகுதி கிடைத்தால் ஒரு படுக்கையறை வீட்டுக்கான வீதம் உண்டு, உண்மையான வாடகையைத் தாண்டாமல். நடமாட்டப் பகுதி மட்டும் இருந்தால் இது பொருந்தாது. பிப் முடிவுக் கடிதம் வந்ததுமே யுனிவர்சல் கிரெடிட் ஆன்லைன் கணக்கில் உள்ள ஜர்னலில் தெரிவித்துவிடுங்கள்.

சித்தப்பா தயங்கினால் சொல்லுங்கள்: தான் வசிக்கும் வீட்டில் அறை விட்டு வரும் வருமானத்தில் ஆண்டுக்கு 7,500 பவுண்டுவரை அவருக்கு வரி கிடையாது.