போகாத சிக்னலில் மீறியதாகக் கேமரா சலான் வந்திருக்கிறது. கட்டாமல் எதிர்க்க முடியுமா?

முடியும். ஆனால் அவசரப்பட்டுப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டதாகத்தான் கணக்கு. அதன்பிறகு அந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவது குதிரைக்கொம்பு.

குறுஞ்செய்தியில் வந்த இணைப்பையும் தொட வேண்டாம். சலான் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு (போனில் செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பி, வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுகிற கும்பல்கள் இருக்கின்றன. மத்திய அரசின் பரிவாஹன் இ-சலான் தளத்துக்கு நீங்களாகவே போய், வண்டி எண்ணையும் என்ஜின் அல்லது சேஸிஸ் எண்ணின் கடைசி 5 இலக்கங்களையும் கொடுத்துத் தேடுங்கள். சலான் உண்மையானது என்றால் அதோடு இருக்கும் படத்தை இறக்கிப் பெரிதாக்கிப் பாருங்கள். இந்த விவகாரத்தில் பாதி அந்தப் படத்திலேயே தீர்ந்துவிடும்.

படத்தில் உங்கள் காருக்குப் பதில் யாரோ ஒருவருடைய ஸ்கூட்டர் நிற்கிறதா? அப்படியென்றால் கேமரா எண்ணைத் தப்பாகப் படித்திருக்கிறது. நம் ஊர் நம்பர் பிளேட்டில் எந்த இடத்தில் எழுத்து, எந்த இடத்தில் இலக்கம் என்பது மென்பொருளுக்குத் தெரியும். அதனால் 'பி'-யை 8 என்று படித்தாலும் பெரும்பாலும் அதுவே திருத்திக்கொள்ளும். எழுத்துக்கு எழுத்து, இலக்கத்துக்கு இலக்கம் மாறும்போதுதான் சிக்கல்: 'எம்'-மும் 'என்'-னும், 'வி'-யும் 'ஒய்'-யும், 3-ம் 8-ம், 1-ம் 7-ம். பிளேட்டில் ஒட்டிய சேறு, எண்ணின் மேலேயே அடித்த போல்ட், இரண்டு வரியாக எழுதிய பைக் பிளேட் எல்லாம் இதை இன்னும் மோசமாக்கும். சலானில் கையெழுத்திடும் அதிகாரி, படத்தில் இருக்கும் வண்டியையும் பதிவில் இருக்கும் வகை, நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே இது பிடிபட்டுவிடும். பார்க்காமல் 'சரி' அழுத்துவதால்தான் ஸ்கூட்டர் ஓட்டியதற்குக் கார்க்காரருக்கு சலான் வருகிறது.

படத்தில் அதே மாடல், அதே நிறம், அதே எண் இருந்து, வண்டி மட்டும் உங்களுடையது இல்லை என்றால் விஷயம் பெரிது. யாரோ உங்கள் எண்ணைத் திருடி ஓட்டுகிறார்கள். பம்பர் கீறல், ஸ்டிக்கர், அலாய் வீல், பிளேட் பொருத்தியிருக்கும் விதம் ஆகியவற்றில் வித்தியாசம் தேடுங்கள். உங்கள் வண்டியில் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் இருந்தால் (2019 ஏப்ரல் 1 முதல் வந்த புது வண்டிகளுக்கு அது கட்டாயம்) முன்பக்க, பின்பக்கப் பிளேட்டுகளில் பொறித்த லேசர் எண்களைப் படம் எடுத்து வையுங்கள். சலானை எதிர்ப்பதோடு நிறுத்தாமல் போலீஸில் எழுத்து மூலம் புகாரும் கொடுங்கள். அந்த எண்ணோடு நாளை ஒரு விபத்து நடந்தால் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.

வண்டி உங்களுடையதே, ஆனால் மீறல் இல்லை என்கிறீர்களா? சிக்னல் சலான் என்றால் சிவப்பு விளக்கு, ஸ்டாப் லைன், நம்பர் பிளேட் மூன்றும் ஒரே காட்சியில் தெரிகிறதா என்று பாருங்கள். சிவப்பு விழுந்த பிறகு கோட்டுக்கு முன்னால் ஒன்று, கோட்டைத் தாண்டி ஒன்று என இரண்டு படமாவது இருந்தால்தான் ஆதாரம் உறுதியாக நிற்கும். மஞ்சளில் நுழைந்து நடுவில் மாட்டிக்கொண்டது, ஃப்ரீ லெஃப்ட் திரும்பியது, ஆம்புலன்சுக்கு வழிவிட நகர்ந்தது எல்லாம் ஒற்றைப் படத்தில் மீறலாகவே தெரியும். வீடியோவைக் கேளுங்கள். சீட் பெல்ட் சலானில் அடிக்கடி நடப்பது, கறுப்புச் சட்டையில் கறுப்புப் பெல்ட் கரைந்துபோவது. செல்போன் சலானில் காதருகே கை போனாலே சந்தேகம்தான். நெதர்லாந்தில் 2023-ல் தலையைச் சொறிந்தவருக்கே 380 யூரோ அபராதம் போட்டார்கள்.

சட்டம் உங்களுக்கு என்ன தருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 136ஏ பிரிவின் கீழ் 2021 ஆகஸ்டில் வந்தது மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ. கேமராவுக்கு மாநில அரசு நியமித்த அமைப்பின் ஒப்புதல் சான்று இருக்க வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கண்காணிப்பு உள்ள சாலையில் முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். சலானில் தெளிவான படம், கருவியின் அளவீடு, தேதி, நேரம், இடம், மீறிய சட்டப் பிரிவு, மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் இத்தனையும் இருக்க வேண்டும். இதில் எது விடுபட்டிருக்கிறதோ அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். 15 நாள் தாண்டியதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். அதைத் துணை வாதமாக வையுங்கள், முதல் வாதம் படம்தான்.

புகாரை முதலில் இ-சலான் தளத்தின் குறைதீர்ப்புப் பகுதியில் போடுங்கள். சலான் எண், ஆர்.சி. நகல், உங்கள் வண்டியின் நான்கு பக்கப் படங்கள், அந்த நேரத்தில் வண்டி வேறு இடத்தில் இருந்ததற்கான ஆதாரம் (ஃபாஸ்டேக் பட்டியல், பார்க்கிங் ரசீது, சர்வீஸ் பில்) ஆகியவற்றை இணையுங்கள். நீளமாகப் புலம்ப வேண்டாம். "படத்தில் இருப்பது இருசக்கர வாகனம், என் வண்டி கார்" என்ற ஒரு வரி போதும். சலான் ஏற்கெனவே விர்ச்சுவல் கோர்ட்டுக்கு (இணையவழி நீதிமன்றம்) போயிருந்தால் அங்கே அபராதம் கட்டுவது, வழக்காடுவது என்று இரண்டு வாய்ப்புகள் காட்டும். இரண்டாவதைத் தேர்ந்தால் வழக்கு அந்தப் பகுதி நீதிமன்றத்துக்கு மாறும், நேரில் போக வேண்டிவரும். சின்னத் தொகைக்காக இந்த அலைச்சல் வேண்டுமா என்பது உங்கள் முடிவு. எண் திருட்டு என்றால் மட்டும் தொகையைப் பார்க்காமல் எதிர்த்தே ஆக வேண்டும்.

வண்டியை விற்றுவிட்டீர்கள், ஆர்.சி.யில் இன்னும் உங்கள் பெயர்தான் என்றால் மேலே சொன்ன எதுவும் பெரிதாக உதவாது. கேமராவுக்குத் தெரிந்த உரிமையாளர் ஆர்.சி.யில் இருப்பவர் மட்டுமே. விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு. உரிமை மாற்றத்துக்கான படிவம் 29-ஐயும் 30-ஐயும் வாங்கியவர் கையில் கொடுத்து "நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்" என்று விட்டிருந்தால், முதலில் அவரைப் பிடியுங்கள்.