பழைய வானொலி ஆண்டேடுகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க வானொலி பற்றிய கட்டுரையில், அந்நாட்டு நிலையங்களின் விவரங்களை ஆண்டுதோறும் தொகுத்துத் தந்த பழைய ‘பிராட்காஸ்டிங் இயர்புக்’ தொகுதிகளை அடிக்கடி புரட்டுவதாகச் சொல்லியிருந்தீர்கள். ஒரு நிலையத்தின் அலைவரிசை, உரிமம், ஆன்டெனா எல்லாம் எஃப்.சி.சி. (ஒலிபரப்பு உரிமம் வழங்கும் அமெரிக்க அரசு அமைப்பு) தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அச்சாகி வரும்போதே பழசாகிவிடும் புத்தகத்துக்கு இத்தனை மதிப்பா?

எம்.

அன்புள்ள எம்.,

பழசாகிவிடும் என்பது சரிதான். நிலையங்களிடம் விவரம் வாங்கி, கோத்து, அச்சேற்றுவதற்குள் நாலு மேலாளர்களாவது வேலை மாறியிருப்பார்கள். 1935இல் தொடங்கிய அந்த ஆண்டேடு 2010உடன் நின்றுபோனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

ஆனால் எஃப்.சி.சி. பார்ப்பது உரிமத்தை. ஒரு நிலையம் பாட்டுப் போடுகிறதா, நாள் முழுக்கச் செய்தி வாசிக்கிறதா என்பது அதற்கு வேண்டாத விஷயம். விளம்பரம் கொடுப்பவருக்கோ அதுதான் முதல் கேள்வி. ஆண்டேட்டில் ஒரே பத்தியில் இரண்டும் இருக்கும். பகலில் 5 கிலோவாட், இரவில் 1 கிலோவாட் என்று போட்டிருப்பார்கள். (பகலில் அயனமண்டலம் என்ற மேல்வளிமண்டலப் பகுதியின் கீழடுக்கு உறிஞ்சிவிடும் மத்திய அலை, இரவில் மேலே பட்டுத் திரும்பி வெகுதூரம் போகும், வேறு ஊர் நிலையத்தோடு மோதாமலிருக்கத்தான் இந்தக் குறைப்பு.) அப்புறம் உரிமையாளர், நிகழ்ச்சி வகை, பொது மேலாளர், தலைமைப் பொறியாளர். கடைசி இரண்டு இடத்திலும் ஒரே பெயர் இருந்தால், சின்ன நிலையம் என்று ஊகித்துக்கொள்வேன்.

எனக்கு இதைவிடப் பெரிய பயன், தொகுதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. 1941 மார்ச் 29 அன்று பெரும்பாலான அமெரிக்க நிலையங்கள் ஒரே நாளில் அலைவரிசை மாறின. பிட்ஸ்பர்க்கின் கே.டி.கே.ஏ. நிலையம் 980 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1020க்குப் போனது. 1930களின் நேயர் கடிதம் ஒன்றில் வெறுமே ‘980’ என்று இருந்தால், அந்தக் காலத்துப் பட்டியல் இல்லாமல் திண்டாட வேண்டியதுதான்.

அடுத்தது 1996இன் தொலைத்தொடர்புச் சட்டம். ஒரு நிறுவனம் நாடு முழுக்க இத்தனை நிலையங்கள்தான் வைத்திருக்கலாம் என்ற வரம்பை அது எடுத்துவிட்டது. சில வருடங்களில் கிளியர் சேனல் என்ற ஒரே கம்பெனியிடம் 1,200க்கும் மேற்பட்ட நிலையங்கள்! இன்றைய உரிமையாளரை மட்டும் தேடிப் பார்த்தால் இந்த விழுங்கல் கண்ணில் படாது.

நிகழ்ச்சி வகையை மட்டும் அப்படியே நம்பாதீர்கள், அது நிலையமே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. மற்றபடி, காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம். ‘வேர்ல்ட் ரேடியோ ஹிஸ்டரி’ தளத்தில் பழைய தொகுதிகளை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். 1995, 2001 இரண்டையும் திறந்து, ஏதாவது ஒரு நகரத்தின் உரிமையாளர் பெயர்களை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.