இறால் மீனா, பூச்சியா?

மீன்கடையில் விற்பதால் மீன் என்கிறோம். ஆனால் உற்றுப் பார்த்தால் பூச்சி மாதிரி இருக்கிறதே என்ற சந்தேகம் பலருக்கும் வரும். இரண்டுமே இல்லை. இறாலும் நண்டும் ஓட்டுடலிகள். கணுக்காலிகள் என்ற பெரிய கூட்டத்தில் பூச்சிகளும் இவையும் சேர்ந்தே வருகின்றன.

மீனுக்கு முதுகெலும்பு உண்டு. இறாலுக்கு எலும்பே கிடையாது, மேலோடுதான் உடம்பைத் தாங்குகிறது. அந்த ஓடு வளராது என்பதுதான் சிக்கல். பள்ளிச் சீருடை சின்னதாகிப் போனால் பிள்ளைக்குப் புதிது தைப்பதுபோல, இறாலும் அவ்வப்போது ஓட்டைக் கழற்றியாக வேண்டும். புது ஓடு பழையதற்கு அடியிலேயே மெத்தென்று தயாராக இருக்கும். கழற்றியதும் தண்ணீரை உறிஞ்சி உடம்பை உப்பவைக்கும், அப்புறம்தான் ஓடு இறுகும். சந்தையில் சில நண்டுகளின் ஓடு அழுத்தினால் அமுங்குமே, அது புதிதாக ஓடு மாற்றிய நண்டு. கரப்பானும் இப்படித்தான் தோலுரித்து வளர்கிறது.

சரி, வித்தியாசம்? உரிக்காத இறால் ஒன்றைக் கையில் எடுங்கள். உணர்கொம்பு இரண்டு ஜோடி, நடக்கும் கால் ஐந்து ஜோடி. கரப்பானுக்கு உணர்கொம்பு ஒரே ஜோடி, கால் மூன்று ஜோடி. ஆனாலும் சொந்தம் நெருக்கம்தான்: பூச்சிகள் ஓட்டுடலிகளின் கிளையிலிருந்து பிரிந்தவை என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. கரப்பானுக்குச் சிலந்தியைவிட இறால்தான் கிட்டத்து உறவு!

இன்னொன்று, சுத்தம் செய்யும்போது முதுகிலிருந்து உருவுகிற கறுப்பு நூலை நரம்பு என்பார்கள். அது குடல், நரம்பு வயிற்றுப் பக்கமாக ஓடுகிறது.